தேக்குக் கதவு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. ஆளு இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி உக்கார வேண்டிய எடம். அவ முன்னால போய் உக்காந்துக்கிட்டா. அதா, டிரைவருக்குப் பின்னால, பச்சைச் சேலை தெரியுதுங்களா, அவதான். பின்னால உக்காந்தா வாந்தி வருதாமா. கலியாணம் ஆன நாள்ல இருந்து எங்கூடத்தான் பஸ் ஏறுறா, ஒரு நாளும் வந்ததில்ல, இன்னிக்கு வருதாமா. சரி போடின்னு உட்டுட்டேன். பையை மடியில வெச்சுக்குங்க, மேல வெச்சா ஆட்டத்துல உழுந்துரும்.

சேலங்களா? நாங்க மெட்ராஸ் வரைக்கும். கலியாணம் காச்சின்னு நெனைக்காதீங்க. ஒரு டாக்டரைத் தொலைக்கப் போறேனுங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கத்தி கபடா எல்லாம் இல்லீங்க. மனு. கவுந்தப்பாடிக்கு வந்து நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, மாட்டுத்தீவனக் கடைன்னு சொல்ல மாட்டாங்க, மனுக்காரருங்களான்னுதான் கேப்பாங்க. திங்கக்கெழமை ஆச்சுன்னா நான் கலெக்டராபீஸ்ல. லைன்மேன் ஒருத்தன் எங்கிட்ட மொறைச்சுப் பேசினான். இன்னிக்குத் தாளவாடி மலையில கம்பம் ஏறிக்கிட்டு இருக்கான். ரேசன் கடைக்காரன் ஒருத்தன் சிரிச்சான். அவனும் இப்ப சிரிக்கறதில்ல. நான் கை ஓங்கமாட்டேன், கெட்ட வார்த்தை பேசமாட்டேன். ஆனா என்னைத் தொட்டவன் நல்லா இருந்ததா சரித்திரம் இல்லீங்க.

இந்தப் பொண்ணுக்கு அது தெரியல. டாக்டர் பொண்ணுக்கு. பேரு சொல்லக் கூடாதுங்க, நாளைக்கு விசாரணை இருக்கு, முன்கூட்டியே பேரை வெளிய உட்டா நம்ம மேல திருப்பிருவாங்க. நாகர்கோயில் பக்கம், சுகிர்தான்னு பேரு. சொல்லிட்டேன் பாருங்க. நீங்க காதுல வாங்காத மாதிரி இருந்துக்குங்க.

இந்த போன் டாக்டருங்க இருக்காங்க பாருங்க, நீங்க பாத்திருக்கீங்களா? பாத்திருப்பீங்க, படிச்சவரு. எங்களுக்கு அது புதுசு. எங்கூர்ல கந்தப்ப டாக்டர்னு ஒருத்தர் இருந்தாருங்க. மரியாதை தெரிஞ்ச மனுசன். நானும் துளசியும் போனா, துளசிமணின்னு பேரு அவளுக்கு, அவ ஸ்டூல்ல உக்காருவா, நான் பக்கத்துல நிப்பேன். டாக்டர் என்னைப் பாத்து, "என்ன நாச்சிமுத்து, ஊட்டுல என்ன சொல்றாங்க?"ன்னு கேப்பாரு. நான் சொல்லுவேன். இடுப்பு வலிங்க, வாய்வுங்க, சோறு எறங்கலீங்க. அவ தலையாட்டுவா. மாத்திரை எழுதிக் குடுப்பாரு. முடிஞ்சுது. இத்தனை வருஷமா அப்படித்தானே நடந்துச்சு? அவருக்கும் வயசாயிருச்சு, மகன் கூட இருக்கறேன்னு கோயமுத்தூர் போயிட்டாரு.

பெங்களூர்ல இருக்கற எம்மகதான் வந்தப்ப போன்ல அதை ஏத்திக் குடுத்துட்டுப் போனா. வரிசையா டாக்டருங்க படம் வருதுங்க. என்ன படிப்பு, பதிவு நம்பர் என்ன, எத்தனை நட்சத்திரம், எல்லாம் கீழயே போட்டிருக்கு. தமிழா இங்கிலீசான்னு கேக்குது. அமுக்கினா, உங்களுக்கு முன்னால இத்தனை பேர் இருக்காங்கன்னு சொல்லுது. பொறவு மூஞ்சி தெரியுது. பேசி முடிச்சதும் மருந்துச்சீட்டு போனுக்கே வந்துருது. பரவால்லியே, பஸ் செலவு மிச்சம்னு இருந்தேன்.

கணக்கு என்ற பேர்லதானுங்க. வேற யாரு பேர்ல இருக்கும்? கரண்டு என்ற பேர்ல, சிலிண்டர் என்ற பேர்ல, ஊடு என்ற பேர்ல. நாச்சிமுத்து, ஆண். அதுலயே எனக்கும் பாத்தேன், அவளுக்கும் பாத்தேன், மச்சான் மவனுக்குச் சொறி வந்தப்ப அதுக்கும் அதுலயே பாத்தேன். எல்லா டாக்டரும் கேட்டாங்க, சொன்னேன், குடுத்தாங்க. மாட்டு டாக்டர் வர்றாரு. மாட்டையா பேசச் சொல்றாரு? கட்டியிருக்கறவன்கிட்டத்தானே கேக்கறாரு?

ஆங், சங்ககிரி வந்துருச்சா? இல்லையா? இன்னும் குமாரபாளையமே தாண்டலியா. சரிங்க.

அன்னிக்கு மத்தியானச் சோறு உண்டுட்டு, துளசி மறுக்கா இடுப்பைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா. என்னடின்னேன். "ஒண்ணுமில்லீங்க"ன்னா. அவ எப்பவும் அதைத்தான் சொல்லுவா. நான்தான் புரிஞ்சு நடந்துக்கணும். போனை எடுத்தேன். இந்தப் பொண்ணு வந்துச்சு. கண்ணாடி போட்டுக்கிட்டு, எம்மகளைவிடச் சின்னதா இருக்கும். "வணக்கம்யா"ன்னு சொல்லித் தன்னோட பேரு, பதிவு நம்பர் எல்லாம் அதுவாவே சொல்லுச்சு. நானும் மரியாதையாத்தான் ஆரம்பிச்சேன். "வாய்வுங்க, இடுப்புல புடிச்சுக்குது, போன தடவை குடுத்த மாத்திரையே போதும்"னேன்.

"உங்களுக்காய்யா?"ன்னு கேட்டுச்சு.

"ஊட்டுல"ன்னேன்.

"அம்மாவை எங்கிட்டப் பேசச் சொல்லுங்க."

"அவளுக்குப் பேசத் தெரியாதுங்க, எங்கிட்டக் கேளுங்க."

"வலி அவங்களுக்குத்தானே அய்யா? அவங்க பேசட்டும்."

அப்பவே எனக்குக் கோவம் ஏறிருச்சுங்க. இருந்தாலும் போனை அவ பக்கம் திருப்பினேன். அவ என்னையப் பாக்கறா. என்ன சொல்லணும்னு எங்கிட்டத்தானே கேக்கணும், அவ மேல தப்பில்ல. அந்தப் பொண்ணு சொல்லுது, "அம்மா, அவங்களைப் பாக்காதீங்க, என்னையப் பாருங்க"ன்னு. எப்படி இருக்கு கதை! பொறவு சொல்லுச்சு பாருங்க ஒரு வார்த்தை. "அய்யா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. கதவைச் சாத்திருங்க."

என்ற ஊடுங்க. என்ற போனு. என்ற பேர்ல கணக்கு. என்ற பொண்டாட்டி. என்னைய வெளிய போகச் சொல்லுது.

நான் போயிருக்க மாட்டேன். துளசி என்னையப் பாத்தா. "கொஞ்சம் இருங்க"ன்னா. "போங்க"ன்னு சொல்லல. ஆனா அதுக்கு அதுதான் அர்த்தம். அவ அப்படி ஒரு குரல்ல பேசி நான் கேட்டதே இல்லீங்க. கால் தானா எந்திரிச்சு வெளிய வந்துருச்சு. அவளே வந்து கதவைச் சாத்திக்கிட்டா.

தேக்குக் கதவுங்க அது. ஊடு கட்டறப்ப நானே கேரளா போய்ப் பாத்து வாங்கினது. பார்வதிபுரத்து ஆசாரி எழைச்சுப் போட்டது. உள்ள இடி உழுந்தாலும் வெளிய கேக்காதுன்னு வர்றவங்க போறவங்ககிட்டப் பெருமை பேசுவேன். அன்னிக்குக் காதை வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல. சன்னல் பக்கம் போனா அவ அதையும் சாத்தியிருக்கா. கொட்டாயில கன்னுக்குட்டி வேற அந்த நேரம் பாத்துக் கத்துது, சனியன். நடுவுல ஒரு தடவை அழுகற சத்தம் மாதிரி வந்துச்சு. பொறவு, சொன்னா நம்பமாட்டீங்க, சிரிக்கற சத்தம் வந்துச்சு. துளசி சிரிக்கறா. என்ன பேசினா சிரிப்பு வரும்? என்னையப் பத்தித்தானே பேசியிருக்கணும்?

கதவு தொறந்தப்ப மூஞ்சி கழுவியிருந்தா. "நாளைக்குப் பெருந்துறை ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னா. போலாமுங்களான்னு கேக்கல, போகணும்னா. போனை வாங்கிப் பாத்தேன். சீட்டு வந்திருக்கு. என்ற கணக்குலதான் வந்திருக்கு, ஆனா மேல துளசிமணி, பெண்ணுன்னு போட்டிருக்கு. நாச்சிமுத்துன்னு இருந்த எடத்துல அந்தப் பொண்ணு அவ பேரை எழுதியிருக்கு. துளசி போனை வாங்கி அதையே பாத்துக்கிட்டு இருந்தா. அதுல என்ன இருக்கு அப்படிப் பாக்கறதுக்கு?

ஆஸ்பத்திரியிலயா? கர்ப்பப்பையை எடுத்தாச்சுங்க. அதுல கெட்ட கட்டி ஆரம்பிச்சிருந்துச்சாமா. இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா கஷ்டம்னாங்க. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, எல்லாம் ஒரே கூட்டம். இப்ப நல்லா இருக்கா. பாருங்க, எப்படி நிமுந்து உக்காந்திருக்கா.

அங்க ஒரு நர்சம்மா வராந்தாவுல வெச்சுச் சத்தமாச் சொன்னதுலதான் எனக்கே தெரியுமுங்க. மாசத்தீட்டு நின்னு அஞ்சாறு வருஷம் ஆன பொறவு மறுக்கா ரத்தம் போயிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரெண்டு வருஷமா. துணியைக் கொட்டாயில ஒளிச்சு வெச்சு, நான் கடைக்குப் போன பொறவு தொவைச்சிருக்கா. நான் அதே ஊட்டுல இருக்கேன். அதே ரூம்புல படுக்கறேன். எனக்குத் தெரியல. ஆனா அந்தப் பொண்ணு, நேர்ல பாக்காத பொண்ணு, கன்னியாகுமரி பக்கத்துல எங்கியோ உக்காந்துக்கிட்டு, ஒரு கதவைச் சாத்தச் சொல்லித் தெரிஞ்சுக்கிச்சு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. வயிறு எரிஞ்சு போச்சுங்க. இன்னிக்கு வரைக்கும் எரியுது.

கேட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல வெச்சே கேட்டேன். ஏண்டி எங்கிட்டச் சொல்லலன்னு. "நீங்க கேக்கலீங்க"ன்னா. கேக்காமயா? தெனமும் கேப்பேனுங்க. கடைக்குக் கெளம்பறப்ப படியில நின்னு, "என்னடி, எல்லாம் சரியாத்தான இருக்கே?"ன்னு கேக்காம நான் செருப்புப் போட்டதில்ல.

அன்னிக்கு முடிவு பண்ணினேன். இந்தப் பொண்ணு கழுத்துல ஸ்டெதஸ்கோப் இருக்கக் கூடாது.

மொதல்ல அந்தப் பதிவு நம்பரை எடுத்துக்கிட்டுப் போய், போலியான்னு பாத்தேன். போலி டாக்டரா இருந்திருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும். என்ற நேரம், நெசமான டாக்டரா இருந்து தொலைச்சுது. சரின்னு நட்சத்திரத்துல கை வெச்சேன். சொந்தக்காரன், பால் சொசைட்டிக்காரன், பந்தல்காரன், அத்தனை பேர் போன்லயும் அதை ஏத்தி ஒத்தை நட்சத்திரம் குத்தலாம்னு பாத்தா, வைத்தியம் பாத்தவங்கதான் குத்த முடியுமாமா. உடுவனா நானு? என்ற மச்சான் சென்னியப்பனைப் புடிச்சு, நீயே அதுகிட்டப் பாரு, பாத்துட்டுக் குத்துன்னு அனுப்பினேன். பேசிட்டு வந்தான். "மாமா, சக்கரைக்காரன் கால் பெருவெரலைத் தெனமும் பாக்கணுமாமா, இத்தனை நாளா ஒருத்தனும் சொல்லல, இந்தப் பொண்ணு கேமராவுல காலையே காட்டச் சொல்லிப் பாத்துச்சு மாமா"ங்கறான். "நட்சத்திரம் என்னடா ஆச்சு?"ன்னேன். அஞ்சு குத்திட்டானாமா. எட்டப்பனுங்க. அவங்கூடப் பேச்சு வார்த்தை இல்ல இப்ப.

அடுத்தது கம்பெனிக்கே புகார் போட்டேன். குறை கேக்கறதுக்குன்னு ஒரு ஆபீசர் வெச்சிருக்கணும்னு சட்டம் இருக்காமா. ஒருத்தர் கூப்பிட்டாரு, குரல்ல தேன் வடியுது. "உங்க வருத்தம் புரியுதுங்க சார், ஆனா நாங்க நடுவுல இருக்கற எடம்தான், வைத்தியத்துக்கு டாக்டர்தான் பொறுப்பு, அவங்க பண்ணினது முறைதான்"ங்கறாரு. முறையா? கோபியில மாரப்ப வக்கீல்கிட்டப் போனேன். சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சவரு. போன் வைத்தியத்துக்குன்னு அரசாங்கம் போட்ட விதியை வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணாப் படிச்சாரு. நோயாளி யாருன்னு டாக்டர் உறுதி பண்ணிக்கணும். அது கேட்டுச்சேன்னாரு. சுயநினைவோட இருக்கற பெரியவங்கன்னா அவங்ககிட்டயே பேசலாம். பேசுச்சேன்னாரு. சந்தேகம் வந்தா நேர்ல போய்ப் பாருன்னு சொல்லணும். சொல்லுச்சேன்னாரு. நோயாளி சொன்னதை அவங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்லக் கூடாது. சொல்லலியேன்னாரு. "வக்கீலய்யா, நீங்க யாருக்கு வக்கீல்?"னு கேட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு மாட்டுச்சுங்க. வைத்தியக் குறிப்பை நோயாளி கேட்டா குடுத்தாகணுமாமா. அவரே படிச்சது. வர்ற வழியில பஸ்சுலயே மூளை வேலை செஞ்சுது. கணக்கு யாரு பேர்ல? நாச்சிமுத்து பேர்ல. அப்ப நோயாளி யாரு? நானு! அன்னிக்குக் கதவுக்கு உள்ள பேசினது அத்தனையும் எனக்குக் குடுத்தாகணும். தேன் குரல்காரரைப் புடிச்சேன். நோயாளி கேக்கறேன், எடுங்க குறிப்பைன்னேன்.

என்ற கணக்கைத் தொறந்து பாத்தாரு போல. பொறவு கேட்டாரு, "சார், அப்ப கர்ப்பப்பை உங்களுக்குங்களா?"

சிரிக்கறீங்களா? சிரிங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க, நீங்க மட்டும் ஏன் பாக்கி. அதோட உட்டாங்களா? ஒருத்தர் பேர்ல இன்னொருத்தருக்கு வைத்தியம் பாத்தது தப்புன்னு சொல்லி என்ற கணக்கையே மூடிட்டாங்க. துளசி இப்ப அவ போன்ல அவ பேர்லயே தனியா ஒண்ணு ஏத்திக்கிட்டா. யாரு ஏத்திக் குடுத்தாங்கன்னு தெரியல. என்ற போன்ல அதைத் தொறக்கலாம்னு பாத்தா நம்பர் கேக்குது. அந்த நம்பர் அவளுக்குத்தான் வருதாமா. என்னடி நம்பர்னா, "ஒண்ணுமில்லீங்க, அழிஞ்சுருச்சுங்க"ங்கறா.

அப்புறந்தான் டாக்டருங்களைப் பதிவு பண்ற கவுன்சிலுக்கே எழுதினேன். எழுத்துன்னா எழுத்துங்க அது. குடும்பத்தைப் பிரிக்கும் வகையில், கணவனை அவமதித்து, இல்லத்தின் கதவை அடைக்கச் செய்து... நானே ரெண்டு தடவை படிச்சு அழுதேன். பதில் வந்துருச்சு. வைத்தியம் பாத்துக்கிட்டவங்க நேர்ல வந்து சொல்லணுமாமா. துளசி வரமாட்டா, நம்ம காரியம் கெட்டுதுன்னு நெனைச்சேன். கடுதாசியைப் படிச்சுக் காட்டினேன். டக்குனு, "நான் வர்றேனுங்க"ன்னா. எனக்கே ஒரு நிமிசம் நெஞ்சு நெறைஞ்சு போச்சு. என்ன இருந்தாலும் பொண்டாட்டி பாருங்க. புருசன் மானம் போச்சுன்னா உட்டுருவாளா?

நாளைக்கு அந்தப் பொண்ணும் வருது. நேர்ல. இதே கண்ணால பாக்கப் போறேன். என்னைய வெளிய போகச் சொன்ன வாய், நாளைக்கு ஆபீசர் முன்னால என்ன சொல்லுதுன்னு பாக்கணும். தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வரணுமுங்க அது. அதைப் பாத்துட்டுத்தான் நான் தண்ணியே குடிப்பேன்.

துளசிக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்படிக் கேப்பாங்க, இப்படிச் சொல்லு, எனக்கு எங்க ஊட்டுக்காரரே பேசிக்குவாருன்னு சொல்லு. ஒருக்காச் சொல்லிக் காட்டுடின்னா, "அங்க சொல்றேனுங்க"ங்கறா. கூச்சம். பச்சைச் சேலை புதுசுங்க, அவளே போய் எடுத்திருக்கா. மடியில ஒரு தூக்குப்போசி இருக்கு பாருங்க, அது நெறைய நாட்டுச்சக்கரை. எங்கூர் நாட்டுச்சக்கரை பேர் போனது. யாருக்குடின்னு கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, நாளைக்குப் பாக்கறவங்களுக்கு"ன்னா. ஆபீசருக்குத்தான். நானே அதை நெனைக்கல, அவளுக்குத் தோணியிருக்கு பாருங்க. எங்கூட இருந்து இருந்து காரியம் கத்துக்கிட்டா.

ஒரே ஒரு சங்கடம். வைத்தியம் பாத்துக்கிட்டவங்களைத் தனியாத்தான் விசாரிப்பாங்களாமா, நான் வெளிய உக்காரணுமாமா. அதையும் கடுதாசியிலயே போட்டிருக்கான். பரவால்லீங்க. கவருமென்ட் ஆபீசு, கண்ணாடிக் கதவாத்தான் இருக்கும். கொஞ்சமாச்சும் கேக்கும்.

சேலமா? அதுக்குள்ளயா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல.

தம்பி, ஒரு நிமிசம். அங்க பாருங்க. பக்கத்துல உக்காந்திருக்கற அம்மா பவானியில உங்க கூடத்தானே ஏறுச்சு? முன்ன பின்ன தெரியாத பொம்பளை. எப்ப இருந்து பேசிக்கிட்டு இருக்காங்க ரெண்டு பேரும்? துளசி கையை ஆட்டி ஆட்டிப் பேசறா. பாருங்க, கண்ணைத் தொடைக்கறா. இப்பச் சிரிக்கறா. வாந்தி வருதுன்னு போனவ.

பின் படியில எறங்காதீங்க தம்பி. முன் படியில எறங்குங்க. அவ சீட்டுகிட்டப் போறப்ப மட்டும் கொஞ்சம் மெதுவா நடங்க. பை தட்டுன மாதிரி நில்லுங்க. கீழ எறங்கின பொறவு இந்தச் சன்னலாண்ட வந்து, அவ என்ன சொல்லிக்கிட்டு இருந்தான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க.